துணிச்சலான கதாபாத்திரம் வேண்டாம், வேலையுள்ள கதாபாத்திரம் போதும்

பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகளில் ரோல்பிளே செய்ய, அதாவது ஒரு கதாபாத்திரமாகவே பேசி நடிக்க, ஆசையிருந்தும், நாலு பேர் கூடியிருக்கும் காட்சிக்குள் நுழைந்து ஒரு வரி தட்டச்சு செய்யவே நெஞ்சு படபடக்கிறது என்பவர்களுக்கு வழக்கமாக ஓர் அறிவுரை கிடைக்கும். உங்களுக்கு நேரெதிரான, எதற்கும் அஞ்சாத ஒரு கதாபாத்திரத்தை உருவாக்குங்கள், முகமூடி போட்டபின் என்ன கூச்சம் என்பார்கள். சமூகப் பதற்றம் உள்ள பலருக்கு இந்த அறிவுரையே சுமையாகிவிடுகிறது என்பது என் கருத்து.

இதற்கு அடிப்படையே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 2007இல் நிக் யீயும் ஜெரமி பைலன்சனும் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகர் உலகில் உயரமான உருவம் பெற்றவர்கள், குட்டையான உருவம் பெற்றவர்களைவிட உறுதியாகப் பேரம் பேசினார்கள். அழகான உருவம் பெற்றவர்கள் எதிரில் இருப்பவரை நெருங்கி நின்று, தம்மைப் பற்றிக் கூடுதலாகவே சொன்னார்கள். புரோட்டியஸ் விளைவு என்ற பெயரில் இது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் ஆய்வகத்தில் சிறிது நேரம் பேரம் பேசுவது வேறு, ஓர் இரவு முழுவதும் வாய்ச்சொல் வீரனாக நடிப்பது வேறு. துணிச்சல்காரனாக வேடமிட்டால் ஒவ்வொரு வரியும் சாதுரியமாக இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. தன் பேச்சைத் தானே ஓயாமல் எடைபோட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதனால் எடைக்கல் இன்னும் பெரிதாவதுதான் மிச்சம்.

சமூகப் பதற்றம் எப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்பதை விளக்க, உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். பதற்றம் எழுந்ததும் கவனம் முழுவதும் உள்நோக்கித் திரும்பிவிடுகிறது. பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்ற கற்பனைப் படம் ஒன்றை மனம் வரைந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவமானத்தைத் தவிர்க்க நாம் சில தற்காப்புச் செயல்களில் இறங்குகிறோம். எல்லாம் முடிந்தபின் நடந்ததைத் திரும்பத் திரும்ப அசைபோடுகிறோம். ரோல்பிளேயில் இவை என்ன உருவம் எடுக்கும் என்பதை அதில் பழகியவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். ஒரு வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்புவதற்குள் பேச்சு வேறு திசைக்குப் போயிருக்கும். வீட்டுப்பாடம் போல முன்கூட்டியே எழுதிவைத்த பத்தியை ஒட்டினால் அது எதிராளி சொன்னதற்குப் பொருந்தாமல் நிற்கும். விடுதிக் காட்சியின் மூலையில் முக்காடிட்டு அமர்ந்து, 'மௌனமாக மதுவை அருந்துகிறார்' என்று ஓர் எமோட்டை (கதாபாத்திரத்தின் செயலைச் சொல்லும் வரியை) மட்டும் போட்டுவிட்டு யாராவது வந்து பேசுவார்களா என்று காத்திருப்பது இன்னொன்று. (சில இரவுகளில் மூலைகளைவிட மர்ம மனிதர்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது.) அந்த முக்காட்டைப் பார்ப்பவர்கள், இவர் தனிமையை விரும்புகிறார் போலும் என்று எண்ணி நாகரிகமாக விலகிப் போகிறார்கள். ஒளிந்தவரோ, யாருக்கும் தன்னைப் பிடிக்கவில்லை என்ற முடிவோடு வெளியேறுகிறார்.

ஆகவே புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது, குணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கதாபாத்திரத்துக்கு ஒரு வேலையைக் கொடுங்கள் என்பதே. கோட்டை வாசலில் நிற்கும் காவலர், காயத்துக்குக் கட்டுப்போடும் மருத்துவர், கடிதம் கொண்டுவருபவர், விடுதியில் பரிமாறுபவர், நவீன நகரத்தில் நடக்கும் ஜிடிஏ விளையாட்டின் சர்வர்களில் (பலர் கூடி ஆடும் தனித் தளங்களில்) என்றால் பழுதான காரை இழுத்துச்செல்லும் வண்டியின் ஓட்டுநர் என எதுவாகவும் இருக்கலாம். இவர்கள் யாருக்கும் காட்சிக்குள் நுழையத் தனிக் காரணம் தேவையில்லை, வேலையே காரணம். வாசற்காவலருக்கு முதல் வரியை யோசிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எங்கிருந்து வருகிறீர்கள், மூட்டையில் என்ன, யாரைப் பார்க்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளிலேயே பெரும்பாலும் ஒரு காட்சி உருவாகிவிடும். வந்தவர் மூட்டையைத் திறக்கத் தயங்கினால் அங்கேயே கதையும் பிறந்துவிடும். இதைவிட முக்கியமாக, கேள்வி கேட்பவர் பதிலைக் கவனித்தாக வேண்டும். நான் எப்படித் தெரிகிறேன் என்பதில் சிக்கியிருந்த கவனம், இவர் ஏன் பொய் சொல்கிறார் என்பதை நோக்கி நகர்கிறது. கவனத்தை இப்படி வெளியே திருப்பப் பழகுவது, கிளார்க்கும் வெல்ஸும் சொன்ன மாதிரியிலிருந்து உருவான சிகிச்சையிலும் முக்கியமான பகுதி. தவிர, வேலையுள்ள கதாபாத்திரம் சுவாரசியமாக இருந்தே தீர வேண்டிய கட்டாயமும் இல்லை. சலிப்பு மிகுந்த ஒரு சுங்கக் காவலர் யாருடைய காட்சியையும் கெடுத்துவிடுவதில்லை.

எழுத்தா, குரலா என்ற கேள்வியில் நான் தயங்காமல் எழுத்தின் பக்கம் நிற்பேன். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த மட் என்ற விளையாட்டின் உலகமே எழுத்தால் ஆனதாக இருந்தது. யோசித்து எழுத இடம்தரும் அந்த நிதானத்தை எழுத்துவழி ரோல்பிளே இன்றும் தக்கவைத்திருக்கிறது. குரலில் நடுக்கம் வெளியே தெரிந்துவிடும், சொன்னதைத் திரும்பப் பெறவும் முடியாது. அதற்காக எழுத்தில் தொல்லையே இல்லை என்று சொல்லவில்லை. எழுத்தில் மௌனம் நீளமானது. நாம் ஒரு வரி அனுப்பி ஐந்து நிமிடம் பதில் வராவிட்டால், பதற்றமுள்ள மனம் அதை நிராகரிப்பாகவே படிக்கும். எதிராளி நீண்ட பத்தி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கலாம், கதவைத் திறக்கப் போயிருக்கலாம், இணைப்பு அறுந்திருக்கலாம், அவரும் நம்மைப் போலவே எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கலாம்.

காட்சி முடிந்தபின் அரட்டைப் பதிவை மேலே ஓட்டி மறுபடி மறுபடி படிப்பதுதான் இதில் எனக்கு மிக மோசமாகத் தோன்றும் பழக்கம். நேரில் பேசியது மறந்துபோகும், இங்கே ஒவ்வொரு பிழையும் எழுத்தாக நிற்கிறது. 2000இல் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சோதனையை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். சங்கடமான படம் போட்ட டீ-ஷர்ட்டுடன் அறைக்குள் சென்ற மாணவர்கள், உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். கவனித்தவர்களோ ஏறக்குறைய கால்வாசிப்பேர்தான். ரோல்பிளேயில் ஒவ்வொருவரும் தம் அடுத்த வரியில் மூழ்கியிருப்பதால், நம் எழுத்துப்பிழைக்கு அந்தக் கால்வாசிக் கவனமாவது கிடைக்குமா என்பதே சந்தேகம்.

கதாபாத்திரத்தைத் திட்டினால் அது ஆடுபவருக்கும் வலிக்கக்கூடும். ரோல்பிளே வட்டாரங்களில் இதற்கு 'ப்ளீட்' என்று பெயர். பதற்றமுள்ளவர்களுக்கு இது விரைவில் நேர்கிறது. கதைக்கு வெளியே, இரட்டை அடைப்புக்குறிக்குள், 'காட்சி நன்றாகப் போனது, உங்கள் தளபதியின் கோபம் அருமை' என்று ஒரு வரி அனுப்பினால், பெரும்பாலும் அதே தொனியில் பதில் வரும், இரவெல்லாம் அசைபோட வேண்டிய தேவையும் குறையும். ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் 'நான் சரியாகச் செய்தேனா' என்று கேட்கத் தொடங்கினால் மட்டும் அதுவும் ஒரு தற்காப்புச் செயலாக மாறிவிடும். பாராட்டு கொடுங்கள், சான்றிதழ் கேட்காதீர்கள். அன்றாட வாழ்க்கையே முடங்கும் அளவுக்குப் பதற்றம் இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு, அந்த இடத்தை எந்த விளையாட்டும் நிரப்பாது.

சர்வர் நடத்துபவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. குரல்வழிச் சர்வர்கள் பலவற்றில், எந்த நிலையிலும் கதாபாத்திரத்தைவிட்டு வெளியே வந்து பேசக் கூடாது என்ற விதி கடுமையாகப் பின்பற்றப்படுகிறது. கதையின் ஓட்டத்தைக் காக்க அது தேவைதான், ஆயினும் மூச்சு முட்டும் ஒருவர் தண்டனைக்கு அஞ்சாமல் விலகிக்கொள்ள ஒரு கட்டளையோ சைகையோ அந்த விதியிலேயே இருக்க வேண்டும். பழைய ஆட்டக்காரர்களும் ஓரத்தில் நிற்கும் புதியவரிடம் 'உன் கதை என்ன' என்று கேட்பதைத் தவிர்க்கலாம். அவ்வளவு பெரிய கேள்வி யாரையும் திணறடிக்கும். 'இந்த விளக்கைக் கொஞ்சம் பிடியுங்கள்' என்று கதைக்குள்ளேயே ஒரு சிறு வேலையைக் கொடுத்தால், அவர் ஓர் எமோட்டிலேயே காட்சிக்குள் வந்துவிடுவார்.