தடா ராமென் கடையும் ஒற்றை நட்சத்திரங்களும்

தடாவில் ஹைவேயை ஒட்டி ராமென் என்கிற ஜப்பான் நூடுல்ஸ் சூப் விற்கும் கடை ஒன்று திறந்ததிலிருந்து நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் வேறு பேச்சே இல்லை. சூலூர்பேட்டைக்காரர்கள் ஒரு கட்சி, ஆரம்பாக்கம் கும்மிடிப்பூண்டிக்காரர்கள் இன்னொரு கட்சி. போய்ச் சாப்பிட்டவர்கள் கருத்துச் சொன்னார்கள், போகாதவர்கள் அதைவிட நீளமாகச் சொன்னார்கள். கூகுளில் ஒன்று ஐந்து நட்சத்திரம், இல்லையென்றால் ஒரு நட்சத்திரம். நடுவில் ஆளே இல்லை.

இங்கே எதற்கு ஜப்பான் கடை என்று கேட்பவர்கள் பக்கத்திலிருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குள் ஒரு சுற்று வந்தால் போதும். இசுசு, கோபெல்கோ, டைக்கின், டோரே என்று போர்டுகள் வரிசையாக வரும். வார நாளில் மதியம் போனால் கம்பெனிச் சட்டை போட்ட ஜப்பான்காரர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டுக் கொண்டிருப்பார்கள். அவர்கள் சத்தமாக உறிஞ்சுகிறார்கள் என்பதும் ஒரு விமர்சனமாக வந்திருக்கிறது. உறிஞ்சித்தான் சாப்பிடுவார்கள், அது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. நாம் ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்கிறோமே, அதற்கு யாராவது நட்சத்திரம் குறைத்தார்களா?

விமர்சனங்களில் முக்கால்வாசி ஒரே வரி: காரம் இல்லை. ஒருவர் தெலுங்கில் "காரம் லேது, உப்பு நீள்ளு" (காரம் இல்லை, உப்புத் தண்ணீர்) என்று எழுதி ஒரு நட்சத்திரம் குத்திவிட்டுப் போயிருக்கிறார். நெல்லூர் மீன் புலுசு சாப்பிட்டு வளர்ந்த நாக்கு அப்படித்தான் சொல்லும், அதில் தப்பில்லை. மேஜையில் மிளகாய் எண்ணெய் இருக்கிறது, ஊற்றிக் கொள்ளலாம். ஆனால் அடிச் சூப்பிலேயே மசாலாவைப் போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ராமெனே சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன சமாச்சாரம்தான். 1910-இல் டோக்கியோ அசகுசாவில் ராய்ராய்கென் என்ற கடை சீனச் சமையல்காரர்களை வைத்துத்தான் ஆரம்பித்தது. அப்புறம் சப்போரோவில் மிசோ என்கிற புளிக்க வைத்த சோயா விழுது, ஹகாட்டாவில் பன்றி எலும்புச் சூப் என்று ஊருக்கு ஊர் மாற்றிக் கொண்டார்கள். ஆக, மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நாளைக்கு இந்தக் கடை பழவேற்காட்டு இறால் தலையைப் போட்டு ஒரு சூப் வைத்தால் முதல் ஆளாக நான் நிற்பேன். இருக்கிற சூப்பில் கரம் மசாலாவைக் கொட்டி "ஆந்திரா ஸ்பெஷல்" என்று போர்டு வைப்பது வேறு.

சூப் வெள்ளையாக இருக்கிறது, பால் ஊற்றுகிறார்கள் என்று ஒரு புகார். பாலெல்லாம் இல்லை. கோழி எலும்பை மணிக்கணக்கில் தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பும் எலும்பிலிருந்து இறங்கும் பசையும் தண்ணீரோடு கலந்து அந்த நிறம் வரும். சிறு தீயில் வைத்தால் தெளிவாகவே நிற்கும். நூடுல்ஸ் மஞ்சளாக இருப்பதற்குக் கலர்ப்பொடி காரணம் என்கிறார் இன்னொருவர். மாவு பிசையும்போது கான்சுய் என்று ஒன்று சேர்ப்பார்கள், பெரும்பாலும் சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட். மைதாவுக்கு அந்த மஞ்சளும் இழுவையும் அதனால்தான் வருகிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது "கருவாட்டு நாத்தம்" என்ற விமர்சனத்துக்கு. எழுதியவர் சூலூர்பேட்டைக்காரர்! ஏரிக்கரை ஊர்க்காரர் கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பிடிக்கிறார். ஆனால் அவர் மூக்கு சரியாகத்தான் பிடித்திருக்கிறது. கட்சுவோபுஷி என்று அவர்கள் சீவிப் போடுவது சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காயவைத்தது. லட்சத்தீவிலிருந்து வரும் மாசிக் கருவாடும் அதே வகைச் சூரைதான், செய்முறையும் ஏறக்குறைய அதுதான். ஜப்பானில் உயர்ந்த ரகத்துக்கு மேலே பூஞ்சை பிடிக்க வைத்து இன்னும் காயவிடுவார்கள். தூத்துக்குடிப் பக்கம் மாசி இடித்துச் சம்பல் செய்பவர்களுக்கு இந்தக் கிண்ணம் புதிதாகவே இருக்காது.

என் உண்மையான புகாரும் இந்த மீனில்தான் இருக்கிறது. மெனுவில் "வெஜ் ராமென்" என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். காளான், முட்டைக்கோஸ், டோஃபு எல்லாம் மேலே அழகாக இருக்கிறது. அடியில் ஊற்றும் சாறு எது என்று பரிமாறும் தம்பியைக் கேட்டேன். "வெஜ்தான் சார்" என்றான். உள்ளே போய்க் கேட்டு வா என்றேன். திரும்பி வந்து, எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே சோயா கலவைதான், அதில் மீன் சீவல் ஊறியிருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். இதைக் கேட்டால்தான் சொல்வீர்களா? திருப்பதிக்கு மாலை போட்டுக் கொண்டு போகிற குடும்பங்கள் நின்று சாப்பிடும் ரோடு இது. கிண்ணத்தில் மேலே வைக்கும் முட்டையை ஊறப்போடும் சாற்றில் மிரின் என்ற அரிசி மது சேர்ப்பது அங்கே வழக்கம். சேர்க்கிறார்களா இல்லையா என்று நம் ஊர் பாய்மார்களுக்குத் தெரிய வேண்டும். பன்றி உண்டா, இல்லையா என்றுகூட மெனுவில் ஒரு வார்த்தை இல்லை. கொம்பு என்ற கடற்பாசியும் காய்ந்த ஷீடாகே காளானும் வைத்தே நல்ல சைவச் சாறு எடுக்கலாம். ஜப்பானியப் புத்தக் கோயில்களில் சாறு அப்படித்தான். தெரியாத வேலை இல்லை, தனிப் பாத்திரம் வைக்கச் சோம்பல். இத்தனை விமர்சனங்களில் ஒருவர்கூட இதை எழுதவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

விலை 450 ரூபாய். அதிகம்தான். ஜப்பானிலேயே ஒரு கிண்ணம் 1000 யென்னைத் தாண்டினால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள் என்பார்கள், அது நம் காசில் 600 ரூபாய்க்குக் கிட்ட. அந்தக் கணக்கில் கொள்ளை என்று சொல்ல முடியாது. ஆனால் நம் சம்பளம் ஜப்பான் சம்பளம் இல்லையே.

பார்சல் வாங்கிக் "களி மாதிரி ஆயிடுச்சு" என்று திட்டியவர்களுக்காக ஒன்றும் பேச முடியாது. சூப்பில் விழுந்த நூடுல்ஸ் ஊறிக்கொண்டே போகும், கடையிலேயே சீக்கிரம் முடிக்க வேண்டும். பிரஷர் உள்ளவர்கள் சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 5 கிராம் உப்பு இந்த ஒரு கிண்ணத்திலேயே தாண்டிவிடலாம். ஜப்பானிலும் பலர் பாதியை வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.

போவதென்றால் வார நாளில் சீக்கிரம் போங்கள். சூப் தீர்ந்தால் புதிதாகத் தண்ணீர் ஊற்றி நீட்டாமல் ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. "எட்டு மணிக்கே மூடிட்டாங்க, திமிர்" என்று அதற்கும் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்.