சிஏ-125 டெஸ்ட் பத்தி சுத்துற ஃபார்வர்ட் தப்பு

"சிஏ-125 ரத்த டெஸ்ட் வருஷம் ஒருதடவை எடுங்க, 35க்கு மேல இருந்தா சினைப்பை (ஓவரி) கேன்சர், டாக்டருங்க இதை மறைக்கிறாங்க"ன்னு ஒரு ஃபார்வர்ட் குரூப் குரூப்பா சுத்துது. சிஏ-125ங்கிறது ரத்தத்துல இருக்கிற ஒரு புரதம், அதோட அளவைத்தான் இந்த டெஸ்ட் காட்டும். யாரும் எதையும் மறைக்கல. இதை பெரிய அளவுல சோதிச்சே பாத்துட்டாங்க.

அமெரிக்காவுல 78,000க்கு மேல பெண்களை வச்சு பண்ண ஆராய்ச்சி, 2011ல ரிசல்ட் வந்துச்சு. இந்த டெஸ்ட்டும் ஸ்கேனும் வருஷாவருஷம் எடுத்தவங்க கூட்டத்துல அந்த கேன்சர் சாவு குறையவே இல்ல. அதை விட வருத்தம் என்னன்னா, கேன்சரே இல்லாம டெஸ்ட்ல தப்பா மாட்டினவங்க 3,285 பேர், அதுல 1,080 பேருக்கு ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கு, அவங்கள்ல 163 பேருக்கு சீரியஸ் காம்ப்ளிகேஷன். இல்லாத நோய்க்கு வயித்தை கிழிச்சிருக்காங்க, யோசிச்சு பாருங்க. பிரிட்டன்ல 2 லட்சம் பேருக்கு மேல வச்சு பண்ணதும் 2021ல சாவு குறையலன்னு தான் சொல்லுச்சு.

பீரியட்ஸ், கர்ப்பம், ஃபைப்ராய்டு (கேன்சர் இல்லாத கருப்பை கட்டி), எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளர்றது), வயித்து டிபி எல்லாத்துலயும் இந்த சிஏ-125 அளவு ஏறலாம். ஆரம்ப கட்ட கேன்சர்ல பாதி பேருக்கு நார்மலாவும் இருக்கும், அதனால நார்மல்னு வந்துச்சுன்னு நிம்மதியா இருக்கவும் முடியாது.

டெஸ்ட் வேஸ்ட்டுன்னு சொல்லல, ட்ரீட்மெண்ட் எப்படி போகுதுன்னு பாக்க ரொம்ப உதவும். ஆனா வயிறு உப்பசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறையறது, அடிவயித்து வலி, அடிக்கடி யூரின், இதெல்லாம் புதுசா வந்து வாரக்கணக்கா போகலன்னா தள்ளிப்போடாம டாக்டரை பாருங்கம்மா. அம்மா, அக்கா தங்கச்சிக்கு இந்த கேன்சரோ மார்பக கேன்சரோ இருந்திருந்தா அதையும் மறக்காம சொல்லுங்க.