பைத்தானின் நல்ல பழக்கங்கள் ஏபிசி வீட்டில் வந்தவை

பைத்தான் நிரல்மொழி படிக்கும் பிள்ளைகள் முதலில் திட்டுவது அந்தக் கோலனைத்தான் (:). இஃப், ஃபார் போன்ற கட்டளை வரியின் கடைசியில் அதை விட்டால் எரர். அடுத்த வரிதான் உள்ளே தள்ளி இருக்கிறதே, அப்புறம் கோலன் எதற்கு?

அது ஏபிசி என்ற பழைய நிரல்மொழியிலிருந்து வந்தது. ஆம்ஸ்டர்டாமில் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் லம்பர்ட் மீர்டென்ஸ் குழுவினர், புதிதாகப் படிப்பவர்களுக்கு அப்போதிருந்த பேசிக் மொழியை விட நல்ல மொழி வேண்டும் என்று உருவாக்கியது. 1978-இல் போலந்தில் கூடியபோது, நிரல் எழுதும் முறைகளில் எது நல்லது என்று அறிஞர்களுக்குள் முடிவே வரவில்லை. கடைசியில் அவர்களில் ஒருவரின் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஃபார் என்பது அந்த ஒரு வரிக்கு மட்டுமல்ல, கீழே இருப்பவற்றுக்கும் சேர்த்தா என்று அவர் கேட்டார். அங்கே ஒரு கோலன் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்று அப்போதுதான் உறைத்தது.

1980-களில் ஏபிசி குழுவில் வேலை பார்த்த கைடோ வான் ராஸம், 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பைத்தானைத் தொடங்கினார். வரியை உள்ளே தள்ளி எழுதுவது, லிஸ்ட், டியூப்பிள், டிக்‌ஷனரி என்ற தரவுத் தொகுப்பு வகைகள் எல்லாவற்றுக்கும் ஏபிசியில் வேர் இருக்கிறது. "கத்துக்குட்டிகளுக்கான மொழி" என்று இளக்காரம் பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கத்துக்குட்டிக்காக யோசித்ததைத்தான் இன்று பெரிய பெரிய எஞ்சினியர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள்.

ஏபிசி ஏன் பரவவில்லை? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் ஃபைலைத் தொடுவதோ புது வசதி சேர்ப்பதோ பெரும்பாடு. பைத்தான் அந்தக் கதவைத் திறந்தது. சரி.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம். பைத்தானில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வரும். ஏபிசி எண்களைப் பின்னமாக வைத்துத் துல்லியமாகக் கணக்கிடும், 0.3 என்றே வரும். கைடோ அதை விட்டதற்குக் காரணம் உண்டு. ஏபிசியில் வருமான வரி போன்ற ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டாலும், உள்ளே எண்கள் ஆயிரக்கணக்கான இலக்கங்களுக்கு வளர்ந்து நிரல் நத்தையாகிவிடுமாம். வேலைக்கான மொழிக்கு அவர் முடிவு சரிதான். வகுப்பறைக்கு ஏபிசிதான் சரி என்பேன். நம் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலிலும் பைத்தான்தானே? ஆசிரியர்கள், துல்லியமாகக் கணக்கிட பைத்தானிலேயே இருக்கும் டெசிமல், ஃபிராக்‌ஷன்ஸ் மாட்யூல்களைக் கொஞ்சம் முன்னதாகவே காட்டிவிடலாம். கம்ப்யூட்டருக்கே கூட்டல் தெரியவில்லை என்று பிள்ளைகள் சிரிப்பதற்குள்.