ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது

போனிலிருந்து ஆப்பை நீக்கிவிட்டால் அதன் சந்தாவும் முடிந்துவிட்டது என்றே நிறைய பேர் நினைக்கிறார்கள். நீங்கியது ஆப் மட்டும்தான். மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் கொடுத்த அனுமதி வங்கியில் அப்படியே இருக்கிறது. அதற்குப் பெயர் மேண்டேட். அதைத் தேடிப் பிடித்து ரத்து செய்யாதவரை, ஆப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேதி வந்தால் பணம் போகும்.

இந்த அனுமதி எப்படிக் கைமாறுகிறது என்று பாருங்கள். '1 ரூபாய்க்கு 7 நாள் டிரையல்' என்று வருகிறது. 1 ரூபாய்தானே என்று யூபிஐ பின்னைப் போடுகிறோம். அந்தப் பின் 1 ரூபாய்க்கு மட்டுமானது அல்ல. அதே திரையில் சின்ன எழுத்தில் நான்கு விவரங்கள் இருக்கும்: அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதிவரை, எந்தக் கணக்கிலிருந்து. விளம்பரம் மாதம் 199 என்று சொல்லும், மேண்டேட்டில் '999 ரூபாய் வரை' என்று இருக்கலாம். 'மாதந்தோறும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தேவைப்படும்போது' என்று இருக்கலாம். முடிவுத் தேதி பல வருடம் தள்ளி இருக்கலாம். பின் போட்ட பிறகு அந்த வரம்புக்குள் எவ்வளவு எடுத்தாலும் அது நீங்கள் சம்மதித்த தொகைதான். மோசடி என்று வங்கியில் வாதாட முடியாது. ஆகவே பின்னைத் தொடுவதற்கு முன் இந்த நான்கையும் படியுங்கள். சந்தாத் தொகைக்கும் உச்சவரம்புக்கும் பெரிய இடைவெளி இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கார்டு, யூபிஐ மேண்டேட்டுகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதி என்ன சொல்கிறது? முதல் தடவை பதிவு செய்யும்போது ஓடிபி அல்லது பின் கட்டாயம். அதன் பிறகு ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று தகவல் வர வேண்டும். அந்த ஒரு பிடித்தத்தை மட்டுமோ மொத்த மேண்டேட்டையுமோ வேண்டாம் என்று சொல்ல வழி தர வேண்டும். இதற்கெல்லாம் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. 2021 அக்டோபர் 1 முதல் இது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. நல்ல விதி, மறுக்கவில்லை. ஆனால் ஓடிபி கேட்காமல் எடுக்கக்கூடிய தொகை 2019இல் 2,000 ரூபாயாக இருந்தது, பிறகு 5,000 ஆனது, 2022 ஜூனில் 15,000 ஆகிவிட்டது. இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு 2023 டிசம்பரிலிருந்து 1 லட்சம். 5,000த்தோடு நின்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 15,000 ரூபாய் என்பது இங்கே பல வீடுகளில் ஒருவருடைய மாதச் சம்பளம்.

சரி, இருக்கிற மேண்டேட்டுகளை எங்கே தேடுவது? ஒரே இடத்தில் இருக்காது, அதுதான் சிக்கலே.

முதலில் யூபிஐ. கூகுள் பே, போன்பே, பீம் எதுவானாலும் மேலே உங்கள் படத்தைத் தொட்டால் வரும் பட்டியலில் 'ஆட்டோபே' என்று இருக்கும். சில ஆப்களில் செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கும். போன்பேயில் கொடுத்த மேண்டேட்டை கூகுள் பேயில் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. எல்லா மேண்டேட்டையும் எந்த ஆப்பிலிருந்தும் பார்க்க வழி செய்ய வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ 2025 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் நீங்கள் இதுவரை பயன்படுத்திய ஒவ்வொரு ஆப்பையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அங்கே 'பாஸ்', 'கேன்சல்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். பாஸ் என்பது தற்காலிகம், குறித்த தேதியில் மறுபடி உயிர் பெறும். வேண்டாம் என்று முடிவெடுத்தால் கேன்சல்தான். பின் கேட்கும், போடுங்கள். இந்த இடத்தில் பின் போடுவது பணம் அனுப்ப அல்ல, அனுமதியைத் திரும்பப் பெற. பயந்து பாதியில் வெளியே வந்துவிட்டால் மேண்டேட் அப்படியே இருக்கும்.

அடுத்தது கார்டு. வங்கியின் நெட்பேங்கிங்கில் கார்டு பகுதிக்குள் 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்' அல்லது 'இ-மேண்டேட்' என்று தேடுங்கள். பல வங்கிகள் அங்கிருந்து எஸ்ஐ ஹப் என்ற தளத்துக்கு அனுப்பும். கார்டு எண்ணையும் ஓடிபியையும் கொடுத்தால் பட்டியல் வரும். வெளிநாட்டு நிறுவனங்களின் சந்தா இருந்தால் இன்னொரு வேலையும் செய்யலாம்: கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை ஆஃப் செய்து வைப்பது. அந்த நிறுவனங்கள் சில நேரம் ஓடிபி இல்லாமலே எடுத்துவிடும். தேவைப்படும் அன்று ஆன் செய்துகொண்டால் போதும்.

மூன்றாவது ப்ளே ஸ்டோரும் ஆப்பிளும். ப்ளே ஸ்டோரில் உங்கள் படம், 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', அதற்குள் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. ஐபோனில் செட்டிங்ஸ், உங்கள் பெயர், 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. டிரையலை ஆரம்பித்த கையோடு இங்கே ரத்து செய்துவிடலாம், பெரும்பாலான ஆப்களில் மீதி நாட்கள் அப்படியே கிடைக்கும். ஆப்பிளின் சொந்தச் சேவைகள் சிலவற்றில் மட்டும் ரத்து செய்த உடனே டிரையல் முடிந்துவிடும். ஆப்பிளில் டிரையல் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே ரத்து செய்தாக வேண்டும். கடைசி நாள் இரவு உட்கார்ந்தால் காலம் கடந்திருக்கும்.

நான்காவது நாச், அதாவது கணக்கிலிருந்து நேரடியாகத் தவணை பிடிக்கும் வங்கிமுறை. மிகவும் கவனம் வேண்டியது இதுதான். ஜிம், டியூஷன், ஆன்லைன் கோர்ஸ், தவணை எல்லாம் பெரும்பாலும் இதில்தான் ஓடும். ஒவ்வொரு நாச் மேண்டேட்டுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 20 இடங்கள் கொண்ட யூஎம்ஆர்என் என்ற அடையாள எண் உண்டு. பதிவானபோது வந்த எஸ்எம்எஸ்ஸிலோ நெட்பேங்கிங்கின் மேண்டேட் பட்டியலிலோ அது இருக்கும். அந்த எண்ணோடு கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பிடித்தத் தேதிக்குச் சில வேலை நாட்கள் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். 'கணக்கில் பணம் வைக்காவிட்டால் எடுக்க முடியாதே' என்று ஒரு குறுக்கு யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பிடித்தம் பணமில்லாமல் திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி அபராதம் போடும், அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் சேரும். பிறகு நீங்கள் போடும் பணத்தில் முதலில் அதுதான் கழியும்.

இதைவிடப் பெரிய குழி, சந்தா என்று நினைத்துக் கடன் எடுத்திருப்பது. 'மாதம் இவ்வளவு கட்டினால் போதும்' என்று சொல்லி விற்கப்படும் சில கோர்ஸ்களில், முழுத் தொகையையும் ஒரு நிதி நிறுவனம் கோர்ஸ்காரருக்குக் கொடுத்திருக்கும். நீங்கள் கட்டுவது கடனின் ஈஎம்ஐ. கோர்ஸ் பிடிக்கவில்லை என்று மேண்டேட்டை நிறுத்தினால் கடன் நிற்காது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் ஸ்கோர் விழும். கடனுக்கான மின்னணுப் பிடித்தம் பணமில்லாமல் திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25ஆம் பிரிவில் வழக்குப் போடவும் இடம் உண்டு, செக் பவுன்ஸ் மாதிரியே. ஒப்பந்தத்தில் கடன் கொடுப்பவர் என்று வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெளியே வருவதாக இருந்தால் முதலில் கோர்ஸ்காரரிடம் எழுத்தில் ரத்து வாங்கி, கடன் மூடப்பட்ட கடிதமும் வாங்கி, அதன் பிறகே மேண்டேட்டில் கை வையுங்கள்.

மற்றச் சந்தாக்களிலும் இரண்டு பக்கமும் ரத்து செய்ய வேண்டும், சேவை தருபவரிடமும் வங்கியிடமும். வங்கிப் பக்கம் மட்டும் நிறுத்தினால், நீங்கள் பாக்கி வைத்ததாக அவர்கள் கணக்கில் எழுதலாம்.

வீட்டில் பெரியவர்களின் பாஸ்புக்கையும் பாருங்கள். மே மாதக் கடைசியில் 436 ரூபாய், 20 ரூபாய் என்று இரண்டு பிடித்தம் இருந்தால் அவை பிரதமர் ஜீவன் ஜோதி, சுரக்‌ஷா காப்பீடுகள். இவை தேவையில்லாதவை அல்ல, குறைந்த காசில் நல்ல காப்பீடு. ஆனால் இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்து இரண்டிலும் பிடித்தால், இழப்பீடு ஒன்றுக்குத்தான் கிடைக்கும், இன்னொன்றுக்குக் கட்டிய பிரீமியம் போனதுதான். ஒரு வங்கியில் வைத்துக்கொண்டு மற்றதில் மே மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள்.

24 மணி நேர அறிவிப்பு என்பது மாதம் 99 ரூபாய்க்குப் போதும். வருடத்துக்கு ஒருமுறை 6,000 ரூபாய் எடுக்கும் சந்தாவுக்கு அது எப்படிப் போதும்? போன வருடம் எதற்குச் சம்மதித்தோம் என்பதே மறந்திருக்கும். நூறு விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவில் அந்த ஒன்று புதைந்துவிடும். வருடச் சந்தாவுக்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், 'ஆம்' என்று நாம் சொன்னால்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. ஜெர்மனியில் 2022 மார்ச் முதல் போட்ட நுகர்வோர் ஒப்பந்தங்களை, முதல் காலம் முடிந்து தானாக நீண்டாலும், ஒரு மாத நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் முறிக்கலாம். அதே ஆண்டு ஜூலையிலிருந்து இணையதளத்தில் ரத்துப் பொத்தானே கட்டாயம்.

இங்கேயும் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. அதில் ஒன்று சந்தாப் பொறி. ரத்துப் பொத்தானை ஒளித்து வைப்பதும், இலவசச் சந்தாவுக்கே ஆட்டோ டெபிட் அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்துவதும் அதில் அடக்கம். அப்படி ஒன்றில் மாட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள், 'சந்தாப் பொறி' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். ரத்து செய்த பிறகும் பணம் போனால் அது வங்கிமேல் வரும் புகார். மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், ரத்தான திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும் தேதியையும் சேர்த்து. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, உதவி எண் 14448. அந்த ஸ்கிரீன்ஷாட் இல்லாமல் போனால் 'நீங்கள் ரத்து செய்யவே இல்லை' என்ற ஒரே பதிலில் புகாரை மூடிவிடுவார்கள். அதனால் கேன்சல் ஆனது என்று திரையில் வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்து வையுங்கள்.