சக்கரம் வைத்த நாற்காலி மட்டும் போதாது

இப்போது எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஒரு புது அறையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். சக்கரம் வைத்த நாற்காலிகள், வளைந்து நெளிந்த மேசைகள், சுவரில் பிளாஸ்டிக் புல், அதன் மேல் 'இன்னொவேஷன்' என்று ஒளிரும் எழுத்துகள். கேட்டால், பலரும் ஒரே இடத்தைப் பகிர்ந்து வேலை செய்யும் கோ-வொர்க்கிங் பாணியில் மாணவர்கள் கூடிப் படிக்கும் இடமாம். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் நாளில் ஏசி ஓடும். மற்ற நாட்களில் பூட்டுத் தொங்கும். சாவி எங்கே என்றால் துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.யின் அறையைக் காட்டுவார்கள். அங்கே போனால், "ஸ்டோர் இன்சார்ஜைப் பாருங்க சார், அவர் இன்னைக்கு லீவு" என்பார்கள்.

நானும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன்தான். அந்த அறையைக் கட்டியதில் எனக்கு வருத்தமில்லை. டைம்டேபிளையும் மார்க்கையும் சாவியையும் தொடாமல் அறையை மட்டும் கட்டினால் எதுவும் மாறாது என்பதுதான் என் கட்சி.

நம் பிள்ளைகளுக்குக் கூடிப் படிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால், செமஸ்டர் தேர்வுக்கு முந்தின இரவு ஏதாவது ஒரு ஹாஸ்டலுக்குள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கட்டிலில் ஏழு பேர் இருப்பார்கள். நடுவில் ஒருவன் "மூணாவது யூனிட்ல இது கண்டிப்பா 13 மார்க்குக்கு வரும்டா" என்று தொடங்கி, நாங்கள் ஒரு வாரம் நடத்தியதை முக்கால் மணி நேரத்தில் சொல்லிக்கொண்டிருப்பான். அரியர் வைத்தவன்தான் அதிகம் கேள்வி கேட்பான். வகுப்பில் வாயே திறக்காதவன், அங்கே "இந்த ஸ்டெப் எங்கிருந்துடா வந்துச்சு?" என்று மடக்குவான். கல்லூரி அங்கீகரிக்காத அந்தக் கூட்டத்தில்தான் பாதிப் பேர் பாஸ் ஆகிறார்கள்.

இதை வகுப்புக்குள் கொண்டுவர முடியும் என்று செய்து காட்டியவர்களில் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் முக்கியமானவர். 1990களின் தொடக்கத்தில் அவர் பிடித்த வழி ரொம்ப எளிமையானது. கொஞ்ச நேரம் பாடம், பிறகு ஒரு கேள்வி. கணக்குப் போட வேண்டியதில்லை, கருத்து புரிந்தால் போதும். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் சரியாக வந்தால் அடுத்த பகுதி. யாருக்குமே வரவில்லை என்றால் மறுபடி விளக்கம். பாதிக்குப் பாதி என்று இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடிவிட்டு மறுபடி வாக்குப் போட வேண்டும். சரியான விடைகள் பெரும்பாலும் ஏறிவிடும். இப்போதுதான் புரிந்துகொண்ட ஒருவனுக்குத் தான் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது ஞாபகம் இருக்கும். இருபது வருடமாக அதே பாடத்தை நடத்துகிறவருக்கு அது மறந்தே போயிருக்கும். இதற்கு ஏசியும் வேண்டாம், சக்கரம் வைத்த நாற்காலியும் வேண்டாம். தரையில் ஆணி அடித்த பெஞ்சிலேயே செய்யலாம்.

பலன் உண்டா என்றால், உண்டு. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2014ல் வந்தது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோற்றவர்கள் சராசரியாக நூற்றுக்கு 34 பேர், மாணவர்களையே ஈடுபடுத்திய வகுப்புகளில் 22 பேர். அரியர் எண்ணிக்கையை வைத்தே துறையின் மானம் அளக்கப்படும் நம் ஊரில் இது பெரிய வித்தியாசம்.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை கணித ஆசிரியர் யூரி டிரைஸ்மனுடையது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று அவர் தேடினார். வறுமை, அக்கறையின்மை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கூடவே இருந்து கவனித்தபோது அவருக்குத் தெரிந்தது வேறு. அவர்கள் மணிக்கணக்கில் உழைத்தார்கள், ஆனால் தனியாக. நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். டிரைஸ்மன் 'பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு' எதையும் வைக்கவில்லை. இன்னும் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூட்டமாக உட்கார வைத்தார். தேர்ச்சி ஏறியது. நாம் என்ன செய்கிறோம்? 'ஸ்லோ லேர்னர்ஸ்' என்று பட்டியல் போட்டு, மாலை நாலு மணிக்குத் தனியாகப் பிரித்து உட்கார வைத்து, நடத்தியதையே மறுபடி நடத்துகிறோம்.

சரி, தெரிந்தும் ஏன் செய்வதில்லை? முதல் தடை, ஆசிரியரைப் பற்றி மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் ஃபீட்பேக் ஃபார்ம். 2019ல் அதே ஹார்வர்டில் ஓர் ஆய்வு செய்தார்கள். தாங்களே கூடி யோசித்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், தேர்வில் அது தெரிந்தது. ஆனால் கேட்டபோது, அருமையான விரிவுரை கேட்ட வகுப்பில்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். மூளை கஷ்டப்படும்போது ஒன்றும் புரியாத மாதிரிதான் இருக்கும். ஒரு பீரியட் முழுக்க விவாதம் நடத்தினால் நம் ஊரில், "சார் க்ளாஸே எடுக்கறதில்ல, எங்களையே பேசச் சொல்றார்" என்று எழுதிவிடுவார்கள். இன்க்ரிமென்ட் அந்தத் தாளில் இருக்கும்போது எந்த இளம் ஆசிரியர் துணிவார்?

இரண்டாவது, மார்க். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடங்களுக்குக் கல்லூரியே போடும் உள்மதிப்பீடு நூற்றுக்கு 40. முன்பு 20 ஆக இருந்தது இரட்டிப்பானது நல்ல வாய்ப்பு. அதையும் இன்னும் இரண்டு எழுத்துத் தேர்வும் ஓர் அசைன்மென்ட்டும் வைத்துத் தீர்த்துவிடும் இடங்கள் நிறைய. பொறியியல் படிப்புகளுக்குத் தரச் சான்று தரும் என்.பி.ஏ. அமைப்பின் பட்டியலில் குழுவாக வேலை செய்யும் திறன் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு நேரே 3, 2, 1 என்று எண் போட்டு எக்ஸெல் ஷீட்டை நிரப்புவதில் மட்டும் நாங்கள் பி.ஹெச்டி. வாங்கியவர்கள்.

குழு வேலை என்று நம்மிடம் உண்மையிலேயே இருப்பது கடைசி வருட பிராஜெக்ட்தான். அதன் லட்சணத்தைச் சொல்கிறேன். நாலு பேர் ஒரு பேட்ச், பெரும்பாலும் ரோல் நம்பர் வரிசையில். ஒருவன் செய்வான், ஒருவன் ரிப்போர்ட் பைண்டிங்குக்கு அலைவான், இருவர் பணம் போடுவார்கள். சில பேட்ச்களில் நாலு பேருமே பணம் மட்டும் போடுவார்கள், பிராஜெக்ட் சென்டர்காரர் செய்து கொடுத்துவிடுவார். வைவாவில் நாலாவது பையனிடம், "இந்த சென்சாரை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டால் முதலாமவனைப் பார்ப்பான். நாலு பேருக்கும் ஒரே மார்க் போடும்வரை இது மாறாது. யார் என்ன செய்தார்கள் என்று வாரம் ஒரு பக்கம் எழுதி நாலு பேரும் கையெழுத்திட வேண்டும், அந்தத் தாளை வைத்துத்தான் வைவா என்று ஆக்கினாலே பாதி வியாபாரம் படுத்துவிடும்.

மூன்றாவதை யாரும் வெளியே பேசுவதில்லை. ஆணும் பெண்ணும் தனித்தனி வரிசை, தனித்தனி படிக்கட்டு, நூலகத்தில் தனித்தனி மேசை என்று நடத்தும் கல்லூரிகள் நம் மாநிலத்தில் எத்தனை! ஒரு சர்க்யூட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு பையனும் பெண்ணும் பேசினால் ஃப்ளோர் இன்சார்ஜ் வந்து அடையாள அட்டையைப் பிடுங்குகிறார். அப்புறம் அதே கல்லூரி 'கொலாபரேட்டிவ் லேர்னிங்' பற்றி ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் எஃப்.டி.பி. பயிற்சி நடத்துகிறது.

கோ-வொர்க்கிங்கில் எனக்குப் பிடித்ததே கலப்புதான். வெவ்வேறு வேலை செய்கிறவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்காரும்போது, சம்பந்தமில்லாதவரிடமிருந்து ஒரு வழி கிடைக்கும். நம்மிடம் மெக்கானிக்கல் பிளாக், கம்ப்யூட்டர் பிளாக் என்று எல்லாமே தனித்தனித் தீவுகள். ஐஐடி மெட்ராஸில் 2008ல் தொடங்கிய சென்டர் ஃபார் இன்னொவேஷன் மாணவர்களே நடத்தும் கூடம். குழாய்க்குள் அதிவேகமாக ஓடும் ஹைப்பர்லூப் வண்டியைச் செய்து 2019ல் கலிபோர்னியா போட்டிவரை போன அதன் அணியில் பல துறை மாணவர்கள் இருந்தார்கள். ஐஐடி என்றால் காசு இருக்கும் என்பீர்கள். சரி, சென்னை கொளத்தூருக்கு வாருங்கள். 2024 நவம்பரில் அங்கே திறந்த முதல்வர் படைப்பகத்தில், பகிர்ந்த பணியிடமும் மாணவர்கள் படிக்கும் மையமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணும் சொந்தமாகத் தொழில் தொடங்கியவரும் ஒரே வாசலில் செருப்பைக் கழற்றலாம். ஒரு நகர்ப்புறத் தெருவில் அரசு செய்ததை, ஐம்பது ஏக்கர் வைத்திருக்கும் கல்லூரிகள் செய்ய முடியாதா? பக்கத்துத் தொழிற்பேட்டையில் லேத் வைத்திருப்பவரை வாரம் ஒரு நாள் வந்து உட்காரச் சொன்னாலே போதும், பையன்களுக்கு நிஜமான பிராஜெக்ட் வரிசையில் நிற்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. "மாலையில் அறையைத் திறந்து வைக்கிறோம்" என்று மட்டும் யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் டே ஸ்காலர்கள். நாலே காலுக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். அதை விட்டால் இரண்டு டவுன் பஸ் மாறி ஏழரைக்குத்தான் வீடு. ஹாஸ்டல் பெண்களுக்கு ஆறரைக்குள் உள்ளே வந்தாக வேண்டும், பையன்களுக்கு ஒன்பது மணி. மாலையில் திறந்தால் அது ஹாஸ்டல் பையன்களின் அறையாகத்தான் முடியும். ஆகவே வாரத்தில் இரண்டு மணி நேரம், காலை பீரியட்களில், எல்லாத் துறைக்கும் ஒரே நேரத்தில் டைம்டேபிளுக்குள் ஒதுக்குங்கள். சிலபஸ் முடியாதே என்பார்கள். இப்போது மட்டும் முடிகிறதா? ஐந்தாவது யூனிட்டைக் கடைசி வாரத்தில் பிபிடியாக வாட்ஸப்பில் அனுப்பும் நமக்கு அந்த இரண்டு மணி நேரமா பாரம்?