"எல்லாருக்கும் ஃபுல் பர்மிஷன்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

"எல்லாருக்கும் ஃபுல் பர்மிஷன் குடுத்துட்டேன் மேடம், இனிமே பிரச்சினையே வராது." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வீட்டில் எல்லாருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் வைத்து வைஃபை வழியாகப் பகிர்கிற நாஸ் பெட்டியை மாட்டிக் கொடுக்க வந்தவர் இதைத்தான் சொன்னார். ரிச்சி தெருவில் ஹார்ட் டிஸ்க் வாங்கிய கடையிலும் இதையேதான் சொன்னார்கள். யூடியூபில் தேடினால் அங்கேயும் ஒருவர் 777 என்று தட்டிவிட்டு "அவ்வளவுதாங்க, முடிஞ்சது" என்கிறார். என்ன முடிந்தது? அந்த எண்தான் உரிமைக் கணக்கு: படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளருக்கு ஒரு 7, குரூப்புக்கு ஒரு 7, மீதி உலகத்துக்கு ஒரு 7. அந்த மூன்றாவது ஏழு யாருக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

அந்த "எல்லாரும்" யார் என்று எவராவது கேட்டிருக்கிறார்களா? நங்கநல்லூரில் எங்கள் வீட்டில் மாமா, அத்தை, நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், ஏழாவது படிக்கும் மகன். எல்லாரும் நம் ஆட்கள்தானே என்று தோன்றும். பெட்டியின் கணக்கு அப்படி இல்லை. ஹாலில் இருக்கும் டிவியும் அதற்கு ஒரு ஆள்தான். வாசல் கேமராவும் ஒரு ஆள்தான். போன மாதம் விசேஷத்துக்கு வந்து வைஃபை பாஸ்வேர்ட் வாங்கிக்கொண்டு போனவரின் போனும் ஒரு ஆள்தான். பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் நுழையும் கெஸ்ட் லாகினைத் திறந்து வைத்து எழுதும் உரிமையையும் கொடுத்துவிட்டால், வீட்டு வைஃபைக்குள் வந்த எந்தக் கருவியும் எதையும் அழித்துவிட்டுப் போகலாம். யார் அழித்தது என்றுகூடத் தெரியாது, பதிவில் வெறும் கெஸ்ட் என்றுதான் இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் அம்மா வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். பீரோவின் அடித்தட்டில்தான் ஆல்பங்கள் இருந்தன. நனைந்த ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் உறையோடு படம் ஒட்டிக்கொண்டிருக்கும், உரித்தால் முகம் உறையோடு வந்துவிடும், கையில் வெள்ளைக் காகிதம்தான் மிஞ்சும். தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்திப் படங்கள் பாதி அப்படித்தான் போயின. மிஞ்சியதை மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். அதோடு மாமாவின் வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, அத்தையின் எக்கோ ரிப்போர்ட்கள், பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோக்கள். இதற்கெல்லாம் சேர்த்து ஃபுல் பர்மிஷன், எல்லாருக்கும்!

விண்டோஸில் நெட்வொர்க் ஃபோல்டரில் இருக்கும் கோப்பை அழித்தால் அது டெஸ்க்டாப்பில் இருக்கும் குப்பைத் தொட்டிக்குப் போகாது. நேராகப் போய்விடும். பெட்டியிலேயே அதற்கென்று தனி ரீசைக்கிள் பின் உண்டு, ஆனால் ஒவ்வொரு ஷேருக்கும், அதாவது பெட்டி பகிரும் ஒவ்வொரு பெரிய ஃபோல்டருக்கும், அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு மாட்டிக் கொடுத்தவர் அதை இயக்கவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லவும் இல்லை.

சரி, நாமே கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், ஒரு குடும்பத்துக்கு விற்கிற பொருளை இப்படியா செய்வார்கள்! ஒரு ஃபோல்டரைத் திறக்க எத்தனை இடத்தில் சம்மதம் வேண்டும் என்று பாருங்கள். முதலில் ஷேருக்கு ஒரு பர்மிஷன். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் ஃபோல்டருக்கும் கோப்புக்கும் தனித்தனி பர்மிஷன். ஆளுக்கு ஒரு உரிமை, அவர் இருக்கும் குரூப்புக்கு வேறு உரிமை. இதில் எந்த ஒரு இடத்தில் இடித்தாலும் திரையில் வருவது ஒரே செய்திதான்: உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், நிர்வாகியைத் தொடர்புகொள்ளுங்கள். அந்த நிர்வாகி நான்தான். எனக்குத் தெரிய வேண்டியது எங்கே தடுத்தது என்பது. அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அடுக்குமாடிக்கு வந்தவரை வாட்ச்மேன் நிறுத்தினாரா, லிஃப்ட் வேலை செய்யவில்லையா, வீடு பூட்டியிருக்கிறதா என்று ஒன்றும் சொல்லாமல் "பார்க்க முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போல இருக்கிறது. இந்த ஆத்திரத்தில்தான் ஆயிரம் பேர் எல்லாவற்றையும் திறந்து போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் பெட்டியில் ஒருவர் இரண்டு குரூப்பில் இருந்தால், எழுதும் உரிமை படிக்கும் உரிமையை வென்றுவிடும். "அணுகல் இல்லை" என்று ஒரு இடத்தில் டிக் இருந்தால் அது மற்ற எல்லாவற்றையும் வென்றுவிடும். யூசர்ஸ் என்று ஒரு குரூப் இருக்கிறது, அதில் பெட்டி எல்லாரையும் தானாகவே சேர்த்துவிடும். மகன் பத்திர ஃபோல்டருக்குள் போகக்கூடாது என்று அந்த குரூப்புக்கு "அணுகல் இல்லை" போட்டால் மாமாவும் வெளியே, நானும் வெளியே. செய்ய வேண்டியது என்னவென்றால், அந்த குரூப்புக்கு எந்த டிக்கும் போடாமல் காலியாக விட்டுவிட்டு, வேண்டியவர்கள் மட்டும் இருக்கும் குரூப்புக்கு உரிமை தர வேண்டும். காலியாக விட்டாலே அணுகல் கிடையாது. இந்த ஒரு வரியை அந்தத் திரையிலேயே எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது இன்னும் மோசம். என் கோப்பு, நான் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் என்று வைத்திருக்கிறேன். பத்திரமாக இருக்கிறது என்றுதானே எவரும் நினைப்பார்கள்? இல்லை. அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை இருப்பவர் அதை அழிக்கலாம். இந்தப் பெட்டியைப் போல யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் அழிப்பது என்பது ஃபோல்டரின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுப்பது, அதனால் ஃபோல்டரின் உரிமைதான் பார்க்கப்படும். இது 1970-களில் பெல் ஆய்வகத்தில், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலத்தில் எழுதிய விதி. இதற்கு ஸ்டிக்கி பிட் என்று ஒரு மருந்தும் உண்டு, அதை வைத்தால் அவரவர் கோப்பை அவரவர்தான் அழிக்கலாம். ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரியாத ஒரு அத்தைக்கும் மாமாவுக்கும் இதை யார் சொல்வது?

மகள் தன் ஃபோல்டரிலிருந்து பொது ஃபோல்டருக்குப் படங்களை நகர்த்தினாள். எனக்குத் திறக்கவில்லை. அதே படங்களை நகலெடுத்துப் போட்டாள், திறந்தது. பைத்தியம் பிடிக்காத குறை! ஒரே டிஸ்க்குக்குள் நகர்த்தினால் கோப்பு பெரும்பாலும் தன் பழைய உரிமையையே சுமந்துகொண்டு வரும். நகலெடுத்தால் அது புதுக் கோப்பு, போன இடத்தின் உரிமையை வாங்கிக்கொள்ளும்.

இதற்கு மேல் விண்டோஸின் கூத்து தனி. அத்தை தன் லேப்டாப்பைப் பின் நம்பர் போட்டுத் திறக்கிறார். பெட்டி பாஸ்வேர்ட் கேட்டால் அதே நாலு இலக்கத்தைப் போடுகிறார். பாவம், அவருக்கு அது ஒன்றுதான் தெரியும். அந்தப் பின் அந்த லேப்டாப்புக்கு மட்டும்தான், பெட்டிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்புறம், விண்டோஸ் நம்மைக் கேட்காமலே முதலில் லேப்டாப்பின் லாகின் பெயரைப் பெட்டிக்கு அனுப்பிப் பார்க்கும். பெட்டியின் ஃபோல்டர்களை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருளான சாம்பாவில் "தெரியாத பெயர் வந்தால் கெஸ்டாக உள்ளே விடு" என்று ஒரு அமைப்பு இருக்கிறது, டெபியன் என்ற லினக்ஸோடு வரும் அமைப்புக் கோப்பிலேயே அது இருக்கிறது. அப்படி உள்ளே போய், கெஸ்டுக்குப் படிக்கும் உரிமை மட்டும் இருந்தால் ஃபோல்டர் தெரியும், படம் திறக்கும், ஆனால் எதையும் சேமிக்க முடியாது. உள்ளே நிற்பது தன் பெயரில் இல்லை என்று அத்தைக்கு எப்படித் தெரியும்? சரி, சரியான பெயரில் மறுபடி நுழையலாம் என்றால் 1219 என்று ஒரு பிழை வரும். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது. விண்டோஸ் பாஸ்வேர்ட்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் போய்ப் பழைய பெயரை நீக்கி, இருக்கும் இணைப்பைத் துண்டித்து, அப்புறம்தான் முடியும். எழுபது வயதை நெருங்குகிற ஒருவரிடம் இதை எதிர்பார்க்கிறார்கள்.

மாமா கோபித்துக்கொண்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய படங்கள் இருக்கும் ஃபோல்டரிலும் பத்திர ஃபோல்டரிலும் அவருக்குப் படிக்கும் உரிமை மட்டும் வைத்தேன். "ஏம்மா, என் வீட்டுப் பத்திரத்தை நானே தொடக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பிடும்போதுகூடப் பேசவில்லை. அவர் கேட்டதில் தப்பில்லை. நம் வீடுகளில் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் மரியாதையைப் பார்க்கிறோம். ஆனால் நான் தடுத்தது மாமாவை இல்லை. அவர் பெயரில் திறந்திருக்கும் லேப்டாப்பை. வாட்ஸாப்பில் வந்த ஏதோ ஒரு கோப்பை அதில் திறந்து, அதில் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் இருந்தால், மாமாவுக்கு எங்கெங்கே எழுதும் உரிமை உண்டோ அங்கெல்லாம் அதற்கும் உண்டு. அவருக்கு வெறும் பார்க்கும் உரிமை இருக்கும் இடத்தில் அவர் பெயரில் வந்தது எதையும் பூட்டிவைக்க முடியாது. இதை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், புரிந்துகொண்டார். இப்போது என் அன்றாட லாகினுக்கும் அந்த ஃபோல்டர்களில் எழுதும் உரிமை கிடையாது, ஸ்கேன் செய்யும்போது வேறு ஒரு லாகினில் நுழைகிறேன். அட்மின் பெயர் பெட்டியைச் சரிசெய்ய மட்டும்தான். டிவிக்குப் படங்கள் இருக்கும் ஒரே ஷேரில் படிக்கும் உரிமை. கேமராவுக்கு அதன் ஃபோல்டர் மட்டும்.

"வீட்டுப் பெட்டியை யார் வந்து தாக்கப் போறாங்க" என்பவர்களுக்கு: 2021 ஜூனில் உலகம் முழுக்கப் பலரின் வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் என்ற வீட்டுப் பெட்டிகள் இணையம் வழியாகவே அழிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இரண்டுமே மென்பொருளின் ஓட்டை வழியாக நடந்தவை, நாம் வைக்கும் பர்மிஷன் அவற்றைத் தடுத்திருக்காது. அதற்காகத்தான் பெட்டியை ரவுட்டர் வழியாக வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள், தனியாக ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்துப் பெட்டியிலிருந்து கழற்றி வையுங்கள் என்று சொல்வது. ஆனால் வெளியே இத்தனை ஆபத்து இருக்கும்போது உள்ளே இருப்பதையும் திறந்து போட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல?

பெட்டி செய்கிறவர்களிடம் கேட்கிறேன். அட்டையில் குடும்பம் சிரித்துக்கொண்டு படம் பார்ப்பது போலப் போடுகிறீர்கள். முதல் முறை இயக்கும்போது, இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எதை யார் அழிக்கக்கூடாது என்று ஏன் கேட்பதில்லை? நான் பார்த்த திரையில் இன்ஹெரிடன்ஸ் என்றும் ஏசிஎல் என்றும்தான் இருந்தது. ஒருவர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அவருக்கு எந்த ஃபோல்டரில் கடைசியில் என்ன உரிமை நிற்கிறது, அது எந்த குரூப்பால் வந்தது என்று ஒரே திரையில் காட்டுங்கள். இப்போதைக்கு நான் செய்வது, எதை மாற்றினாலும் அவரவர் லாகினில் அவரவர் கருவியிலிருந்தே நுழைந்து, ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, பெயர் மாற்றி, அழித்துப் பார்ப்பது. அட்மினாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மாட்டிக் கொடுக்க வருகிறவர்களும் கிளம்பும் முன் இதைச் செய்துகாட்ட வேண்டும், காசு வாங்குகிறார்களே!

இன்னும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. எங்கள் பழைய ஸ்கேனருக்கு, நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி என்ற வழிமுறையின் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 1980-களில் தொடங்கிய வழிமுறை அது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அதில் இருந்த ஓட்டையால்தான். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல் மைக்ரோசாஃப்ட் அதைத் தானாக நிறுவுவதையே நிறுத்திவிட்டது. ஸ்கேனர் கம்பெனியின் சேவை எண்ணில் கூப்பிட்டால், பெட்டியில் அந்தப் பழைய பதிப்பை இயக்கிவிடுங்கள், எல்லாருக்கும் எழுதும் உரிமை கொடுத்துவிடுங்கள், வேலை செய்யும் என்கிறார்கள். கொடுக்க மாட்டேன். ஸ்கேன் பென்டிரைவில் ஏறட்டும், நானே கையால் மாற்றிக்கொள்கிறேன்.