நண்பர் பெயரில் மட்டும் வாங்காதீர்கள்
இந்தோனேசியாவின் பாலித் தீவில், கிராமத்து வயலோரமாக வெளிநாட்டவர் வீடு வாங்க, "உள்ளூர் நண்பர் பெயரில் பதிந்துகொள்ளலாம்" என்று ஒரு கட்டுரையில் வருகிறதே, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அந்நாட்டின் 1960 நிலச் சட்டப்படி முழு உரிமையான 'ஹக் மிலிக்' இந்தோனேசியக் குடிமக்களுக்குத்தான். பினாமி ஏற்பாடு செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணமும் திரும்பாது. வெளிநாட்டவருக்கு 'ஹக் பக்காய்' என்னும் பயன்பாட்டு உரிமை உண்டு, இல்லையென்றால் குத்தகை.

நான் பாலியின் தபானான் பக்கம் இரண்டு வருஷம் வாடகைக்குத்தான் இருந்தேன். வாய்க்கால் தண்ணீரை 'சுபாக்' என்னும் உழவர் பாசனச் சங்கம் கூடித்தான் முறை வைத்துப் பங்கிடுவார்கள். மடையருகே ஓலைத் தட்டில் பூ வைத்துவிட்டுத்தான் பக்கத்து வயல்காரர் சேற்றில் இறங்குவார். அந்த வாய்க்காலை மறித்து மதில் எழுப்பிவிடாதீர்கள், கீழ்வயல் காய்ந்துபோகும்.